ரிப்பன் அவிழ்க்கிறவள்

ஆறாவது கிலோமீட்டரில் தெரிந்துவிட்டது,
எனக்குப் பின்னால் யாருமில்லை
மாயக்காவைத் தவிர.

அவள் ஓடவில்லை.
தோளில் உரச்சாக்கு, காலில் நீல ரப்பர்ச் செருப்பு.
கடைசி ஆள் கடந்த பிறகு
வழிகாட்டக் கட்டிய மஞ்சள் ரிப்பன்களை
கிளை கிளையாக அவிழ்த்துச் சுருட்டுவது அவள் வேலை.
அறுநூறு ரூபாய், மதியச் சாப்பாடு.
ஆகவே நான் நின்றால் அவளும் நிற்க வேண்டும்.
நின்றேன். நின்றாள்,
மிளகுக் கொடியில் ஏதோ தேடுகிற மாதிரி.

காலையில் பண்ணைக்காட்டுப் பள்ளி மைதானத்தில்
இருநூற்று முப்பத்தொரு பேர்.
நெஞ்சில் நான்கு ஊக்கு குத்திய எண்,
கணுக்காலில் நேரம் எண்ணும் சில்லு.
மைக்கில் ஒருவர் சொன்னார்,
"உங்கள் கட்டணத்தில் பாதி
ஈச்சம்பள்ளத்து மக்களுக்கு ஜீப் வாங்க."
கைதட்டினோம்.
வத்தலக்குண்டு கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதுகிறவன் நான்.
ஆயிரத்து நானூறில் பாதி எழுநூறு,
அது ஜீப்பில் எந்த உறுப்பாகும்
என்று யோசித்ததில்
விசில் சத்தத்தைத் தவறவிட்டேன்.

ஓடையைத் தாண்டியதும் அட்டை.
சாக்ஸைக் கழற்றினால் மூன்று.
அவள் இடுப்பு முடிச்சிலிருந்து
உப்பும் புகையிலையும் கட்டிய துணியை எடுத்து
ஒற்றினாள். சுருண்டு விழுந்தன.
"பாத்துக்கிட்டே இருந்தா ரத்தம் நிக்காது சார்.
நடந்தா நின்னுரும்."

ஈச்சம்பள்ளத்தில் ஊரே வழியில் நின்றது.
எவர்சில்வர் தட்டில் ஆரஞ்சுச் சுளை,
மேலே கொஞ்சம் மிளகாய்ப்பொடி.
நீட்டிய பையனுக்கு ஏழு வயதிருக்கும்.
விடிந்ததிலிருந்து எங்களை எண்ணிக் களைத்த முகம்.
"யாருக்கு என்ன ஆச்சு?" என்றான்.
ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன்.
நம்பவில்லை அவன்.
இன்னொரு சுளை கொடுத்தான்.

அங்கிருந்து தார்ச்சாலை வரை ஏற்றம்.
ஏற்றம் என்றால்,
முழங்கால் தாடைக்கு வந்து விசாரித்துவிட்டுப் போகிற ஏற்றம்.
பாதியில் ஒரு தட்டைப் பாறை. உட்கார்ந்துவிட்டேன்.
"எல்லாரும் இங்கதான் தோள் மாத்துவாங்க."
யார்?
"தூக்கிட்டுப் போறவங்க."

இரண்டு மூங்கில், நடுவில் கம்பளி.
முன்னால் இருவர், பின்னால் இருவர்.
நாத்தனார் வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்த
ஐப்பசி ராத்திரி
ஊரிலிருந்து தார்ச்சாலைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்.
டார்ச் இவள் கையில்.
நேரம் எப்படித் தெரியும்?
"ஆஸ்பத்திரியில கேட்டு எழுதுனாங்கல்ல,
எப்பக் கெளம்புனீங்க, எப்ப வந்தீங்கன்னு."

என் கடிகாரத்தைப் பார்த்தேன்.
ஊரைத் தாண்டி ஒரு மணி ஐம்பது நிமிடம்.
பகல். காய்ந்த தடம். முதுகில் ஒன்றரை லிட்டர் தண்ணீர்.
ஏற்றம் இன்னும் பாதி.

பிள்ளை என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தேன்.
வேறு கேட்டேன்.
ஜீப் எங்கே நிற்கும்?
"தார்ச்சாலையிலதான்.
அதுவரைக்கும் நாங்க வந்துருவோம்."

எழுந்தேன்.
பாறைக்கு மேலே கிளையில் ஒரு ரிப்பன் அப்படியே இருந்தது.
மறந்துவிட்டாள் என்று சொல்ல
மூச்சு இல்லை.

மைதானத்தில் பந்தல் பாதி இறங்கியிருந்தது.
மைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.
சில்லு ஒருமுறை கீச்சிட்டது.
யாரோ கழுத்தில் பதக்கம் போட்டார்கள்,
அதன் நாடா நனைந்திருந்தது.

மேசையில் மாயக்கா சாக்கைக் கவிழ்த்தாள்.
பனியன் போட்ட பையன் எண்ணினான்.
கட்டினது நானூற்றுப் பன்னிரண்டு.
வந்தது நானூற்றுப் பதினொன்று.
மறுபடி எண்ணினான்.
அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்,
"டார்ச் பட்டா மின்னுது சார் அது."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
இருபத்திரண்டு வருடமாக
பத்துப் பைசா இடித்தாலும்
இரவு ஒன்பது வரை எழாதவன்.
தம்பி, நானும் கூடவே எண்ணினேன்,
நானூற்றுப் பன்னிரண்டு,
எழுதிக்கொள் என்றேன்.